சயின்டிஸ்ட் முனி போட்ட சர்க்கரைத் தடை

வெல்லம் கம்மியா எல்லாம் வேணாம்க்கா, எப்பவும் போடறபடியே போடுங்க. தேங்கா ஒப்பட்டுதான், எங்க வீட்ல போளின்னுவோம். நாலு. சூடா தட்டிக் குடுங்க, ஸ்வல்ப நேரம் ஆனாலும் நிக்கறேன்.

எனக்கில்ல, என் வீட்டுக்காரிக்கு. உஷான்னு பேரு. பிளட் கேன்சர். அஞ்சு மாசமா ஆஸ்பத்திரியும் வீடுமா அலையறோம். அட, நீங்க ஏன் மூஞ்சிய அப்டி வச்சிக்கறீங்க, கல்லுல இருக்கறது கருகிடப் போவுது.

நானா? இங்க பக்கத்துல ஒரு ஆராய்ச்சி லேப்ல இருபத்திரெண்டு வருஷமா வேலை. பாட்டில் கழுவறது. ஆனா நான் குடியிருக்கற ஜீவனஹள்ளில வந்து முனிகிருஷ்ணன் வீடு எதுன்னு கேட்டீங்கன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. சயின்டிஸ்ட் முனின்னு கேக்கணும். நானே கெளப்பி விட்டதுதான். கேன்சருக்கு மருந்து கண்டுபுடிக்கிறோம்னு டீக்கடைல அளப்பேன். பாட்டில் கழுவறோம்னு சொல்ல வாய் வராது.

எங்க லேப்ல வளக்கறதே இந்த பிளட் கேன்சர் செல்லுதான். வெளங்காத செல்லுக்கா அது. ஒழுங்கா வளந்து ஒரு வேலை செய்யாது, பெருகிக்கிட்டே மட்டும் போவும். அது மேல சர்க்கரை சங்கிலி சங்கிலியா தொங்குதாம். அந்தச் சர்க்கரைய மாத்தி வுட்டா பெருகறது அடங்குது, செல்லும் வளந்து பெரிய மனுஷனாவுதுன்னு எங்க லேப் சயின்டிஸ்ட் சங்கமித்ரா மேடம் மீட்டிங்ல படம் போட்டுக் காட்டினாங்க. டீ குடுக்கப் போன நான் கதவுகிட்ட நின்னு கேட்டேன். பாதிதான் கேட்டேன்.

அன்னிக்கே வீட்ல இருந்த சர்க்கரை டப்பாவ தூக்கிப் பக்கத்து வீட்ல குடுத்துட்டேன். வெல்லம் கெடயாது, வாழப்பழம் கெடயாது. பாவம், அவளுக்கு வாயெல்லாம் புண்ணு, சோறு எறங்கல. ஒரே ஒரு ஒப்பட்டு வாங்கிட்டு வாயேன்யான்னா. உனக்கு சயின்ஸ் தெரியுமாடின்னு கத்தினேன். அன்னிலேர்ந்து மூணு மாசமா இதே கத்தல்தான். எடை எறங்கி எலும்பா போயிட்டா.

முந்தாநாள் இத மேடம்கிட்ட பெருமையா சொல்றேன், அவங்க அப்டியே நாற்காலில ஒக்காந்துட்டாங்க. அண்ணா, அது அந்தச் செல்லே தனக்குச் செஞ்சிக்கற சர்க்கரை, நாம காப்பில போடறது இல்ல, உங்க வீட்டம்மாவோட டாக்டரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னாங்க. எப்டிக்கா கேப்பேன்? கேட்டா நான் சயின்டிஸ்ட் இல்லன்னு தெரிஞ்சிடுமே. உஷாகிட்ட ஒத்துக்கவும் தைரியம் வரல. ரெண்டு நாளா அவ மூஞ்சியவே பாக்க முடியல எனக்கு.

அதுக்குள்ள இன்னைக்குக் காலைல ஆஸ்பத்திரில பெரிய டாக்டரே அவ கட்டிலுகிட்ட வந்து, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, இனிமே எதுக்கும் தடை இல்ல, என்ன கேட்டாலும் குடுங்கன்னாரு. அப்பாடான்னு எனக்கு ஒரே குஷி. பல்ல இளிச்சிக்கிட்டு, ரொம்ப தேங்க்ஸ் சார்னு அவரு கையப் புடிச்சிக் குலுக்கினேன். உஷா என்னையே பாத்துட்டு இருந்துட்டு, சரி, போயி ஒப்பட்டு வாங்கிட்டு வான்னா. அவளுக்கு அப்பவே புரிஞ்சிருக்குக்கா. எனக்கு பஸ்ல ஏறி ஒக்காந்தப்புறம்தான் புரிஞ்சுது.