கிம்ச்சிப் பெட்டியின் வலது பக்கம்

எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று பீர்ப் போட்டி மண்டபத்தில் நடந்ததைப் பார்த்தவர்கள் என்னைப் பற்றி வேறு மாதிரி பேசிக்கொள்வதாகக் கேள்வி. வீட்டில் பீர் காய்ச்சுகிறவனுக்கு முக்கால்வாசி வேலை கழுவுவதுதான் என்று உங்களுக்குத் தெரியும், தலைவரம்மா. நம் பீர்ச் சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களிடம் நீங்களே அதைத்தான் சொல்வீர்கள். அண்டா, குழாய், மூடி, புட்டி எல்லாவற்றையும் கழுவிய கையோடு சோற்றுக் கிண்ணங்களையும் கழுவி வைத்துவிடுவேன். என் மனைவி ஹே-ரான் இந்த விஷயத்தில் மட்டும் என்னைக் குறை சொன்னதே இல்லை.

நீங்கள் இரண்டு கேள்வி கேட்டீர்கள். பரிசு வாங்கிய என் பீரைக் குடித்தபின் நாக்கில் நின்ற அந்த ருசி எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. என் மாமியார் ஏன் அப்படி எழுந்து போனார் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பதில்தான். ஆற அமரச் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் எனக்குப் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை. மாட்டெலும்புச் சூப்பு காய்ச்சுகிற அண்டாவும் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளியும் போதும் என்றுதான் இருந்தேன். பிறகு அண்டா சிறியதாகப் பட்டது, பெரிய அண்டா வந்தது. பெரிய அண்டாவில் காய்ச்சியது சீக்கிரம் ஆறாது, ஆறாவிட்டால் கெட்டுவிடும், அதனால் குளிர்ந்த தண்ணீர் ஓடுகிற செம்புச் சுருள் குழாய் வந்தது. தானியத்தைக் கடையில் அரைத்து வாங்கினால் மணம் போய்விடுகிறது, அதனால் அரவை இயந்திரம். ஒன்றை வாங்கினால் அது தன் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வருகிறது, நாம் என்ன செய்ய முடியும்? பால்கனி நிறைந்துபோன பிறகு ஒரு நாள் ஹே-ரான் ஈரத்துணியோடு வந்து நின்றாள்.

“ஏங்க, இது வீடா, சாராய ஆலையா? ஒரு சாக்ஸ் காயப்போட இடம் இருக்கா பாருங்க.”

“அந்தச் சுருள் குழாய்ல போட்டுக்கோயேன். அது இன்னிக்குச் சும்மாத்தான் இருக்கு.”

நான் உதவியாகத்தான் சொன்னேன். அவள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக வந்ததுதான் பீரை நொதிக்க வைக்கிற ஸ்டீல் கலம். பிளாஸ்டிக் வாளியில் கீறல் விழுந்தால் அதில் கிருமி தங்கும் என்பது நீங்கள் அறியாததல்ல. அடி கூம்பாக, உள்ளே முகம் பார்க்கலாம் போல இருந்த அந்தக் கலத்தில் சாதாரண பீரை ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. குளிரில் மெல்ல நொதிக்கிற லாகர் பீர் போட வேண்டும் என்று தோன்றியது. லாகருக்குக் குளிர் வேண்டும், அதுவும் ஏறாமல் இறங்காமல் வாரக்கணக்கில் ஒரே நிலையில் நிற்க வேண்டும். சொங்ஜுவில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலோ குளிர்காலம் வந்தால் தரைக்கடியில் வெந்நீர் ஓடித் தரையே சுடும். இந்த வேலைக்கென்றே செய்தது போல வீட்டில் இருந்தது ஒரே ஒரு பொருள்.

அத்தை எங்களுக்குச் சீராகத் தந்த கிம்ச்சிப் பெட்டியைத்தான் சொல்கிறேன், காரம் தடவிப் புளிக்கவைத்த கோஸைக் கெடாமல் காக்கிற குளிர்பெட்டி. மூடி மேல்பக்கம் திறக்கிற மாதிரி. இடது பக்கம் ஒரு குழி, வலது பக்கம் ஒரு குழி, இரண்டுக்கும் தனித்தனியே குளிரை வைத்துக்கொள்ளலாம். இடது பக்கம் தினமும் எடுக்கிற கிம்ச்சியும் பழமும் இறைச்சியும் இருக்கும். வலது பக்கம் கையிருப்பு. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வருகிற சந்திரப் புத்தாண்டு வரை யாரும் அதைத் திறக்க மாட்டார்கள். அந்த மூடியைக் கடக்கும்போதெல்லாம், இவ்வளவு அருமையான கருவியில் கோஸை வைத்திருக்கிறோமே என்று எனக்கு இருக்கும்.

அத்தையின் கிம்ச்சி நன்றாக இருக்காது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. நவம்பர் கடைசியில் மகள்கள் மருமகன்கள் எல்லாரும் கிம்ச்சி போட அத்தையின் ஊரான நாஜுவில் போய் இறங்குவோம். முந்தின நாளே அத்தை கோஸை அண்டா அண்டாவாக உப்பில் ஊறப்போட்டிருப்பார். மிளகாய்ப்பொடி, பூண்டு, நெத்திலிச் சாறு, அந்த ஊர்ப் பேரிக்காய் எல்லாம் கலந்த விழுதை இலை இலையாகப் பிரித்துத் தடவ வேண்டும். முதுகு ஒடிந்துவிடும். தெருவில் யார் வீட்டில் கிம்ச்சி போட்டாலும் அத்தையைக் கூப்பிட்டு, “நீங்க ஒரு தடவை கையை விட்டுட்டுப் போங்க” என்பார்கள். கைமணம் அப்படி. அந்த அம்மாளுக்கு அதைத் தவிர வேறு பெருமை கிடையாது. நகை போட மாட்டார், பேரப்பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பீற்றிக்கொள்ள மாட்டார். அவருடைய கிம்ச்சியைச் சாப்பிட்டுவிட்டு நாம் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் மட்டும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

போன நவம்பரிலும் டப்பாக்களைக் காரில் ஏற்றிவிட்டு ஜன்னல் வழியாகக் குனிந்து சொன்னார். “மாப்ள, வயிறாரச் சாப்பிடுங்க. இந்தக் கை இருக்கிற வரைக்கும் உங்க வீட்டுக்குள்ள கடைக் கிம்ச்சி வரக் கூடாது, சொல்லிட்டேன்.”

நான் தலை வணங்கி நன்றி சொன்னேன். மரியாதையில் நான் குறை வைத்ததில்லை.

கலம் டிசம்பரில் வந்தது. ஹே-ரான் கடைக்குப் போயிருந்தபோது வலது குழியில் இறக்கிப் பார்த்தேன். பாதி டப்பாக்களை வெளியே எடுத்தால் கச்சிதமாக உட்காரும் என்று தெரிந்தது. எடுத்த டப்பாக்களில் இருந்த கிம்ச்சியை மற்ற டப்பாக்களில் வைத்து அமுக்கினேன். அமுக்கினால் சாறு பொங்கி மேலே வருகிறது. அதைப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் ஊற்றிவிட்டேன். சாறு மூடியிராவிட்டால் கிம்ச்சி கெட்டுவிடும் என்று நம் ஊரில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தொட்டியைப் பளிச்சென்று கழுவி வைத்தேன்.

பிறகு அந்தக் குழியின் குளிரைப் பீருக்கு ஏற்றபடி குறைத்தேன். பீருக்குச் சரியான குளிர் என்பது கிம்ச்சிக்கு வசந்தகாலம். கலமும் கிம்ச்சியும் ஒரே மூடிக்குக் கீழே வாரக்கணக்கில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. பீர் பொங்கி அடங்கியதும் குளிரை மளமளவென்று கூட்டினேன். உங்கள் முதல் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. கலம் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். வாயு வெளியேறுவதற்காக மூடியில் செருகிய, தண்ணீர் நிரப்பிய சின்னக் குழாய் வழியாக வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் வகுப்பிலேயே நீங்கள் எங்களை எச்சரித்தது இதைத்தான். அங்கே இருந்த வெளிக்காற்று முழுக்க அத்தையின் பூண்டும் நெத்திலியும்.

புத்தாண்டுக்கு முன்பே பீரைப் புட்டிகளில் அடைத்துவிட்டேன். கலத்தைக் கழுவி ஒளித்து, டப்பாக்களை ஒழுங்காக அடுக்கி, குளிரையும் பழையபடி வைத்தேன். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது என் வழக்கம்.

அத்தை வந்தார். கொழுக்கட்டைக்குப் பூரணம் செய்ய வலது பக்க டப்பாவைத் திறந்தார். மேலே வெள்ளையாக ஆடை படிந்திருந்தது. ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டார். துப்பவில்லை. மெதுவாக மென்று விழுங்கிவிட்டு அடுத்த டப்பாவைத் திறந்தார், அதற்கடுத்ததையும் திறந்தார்.

“ஹே-ரான், பெட்டி ரிப்பேராடி?”

“இல்லம்மா. நல்லாத்தான் குளிருது, கையை வச்சுப் பாரேன்.”

“அப்போ எப்படி இப்படிக் கூழாச்சு? நாஜுல இதே கிம்ச்சி மொறுமொறுன்னு இருக்கே.”

யாராவது ஏதாவது ஒரு காரணம் சொல்லியாக வேண்டியிருந்தது.

“எங்க பங்கை மட்டும் உப்புல ஊறப்போட மறந்துட்டீங்களோ என்னமோ, அத்தை,” என்றேன்.

“நானா? மறந்தேனா?”

“வயசாகுதில்ல. யாருக்கும் வர்றதுதானே. மனசுல வச்சுக்காதீங்க.”

குரலை உயர்த்தாமல், ஆறுதலாகத்தான் சொன்னேன். அத்தை தன் வலது கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பீர் அப்போதுதான் புட்டிக்குள் போயிருந்தது, தலைவரம்மா. அந்தச் சமயத்தில் வீட்டில் கூச்சல் குழப்பம் வந்து யாராவது புட்டிகளைத் தூக்கிப் போட்டிருந்தால் என்ன ஆவது?

அத்தை அன்று கொழுக்கட்டை சாப்பிடவில்லை. அடுத்த வாரம், மறதிக்குப் பரிசோதனை செய்கிற சுகாதார நிலையத்துக்கு நானே அழைத்துப் போனேன். காரை மெதுவாக ஓட்டினேன். சீட் பெல்ட்டையும் நானே மாட்டிவிட்டேன். நர்ஸ் மூன்று சொற்களைச் சொல்லி, நடுவில் வேறு என்னென்னவோ கேட்டுவிட்டு, அந்த மூன்றையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். அத்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தேர்வு எழுதுகிற பிள்ளை மாதிரி சொன்னார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

“ஆறு, குடை, செருப்பு. சரிதானே மாப்ள?”

“சரிதான் அத்தை.”

நாஜுவுக்குப் போன பிறகும் விடவில்லை. காலையில் போன் செய்வார்; சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன்பே ஆறு, குடை, செருப்பு வந்துவிடும். ஹே-ரானுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. “நர்ஸ் சின்னப் பொண்ணு. பாவம் பார்த்துச் சுலபமாக் கேட்டிருப்பா,” என்றேன். வீண் நம்பிக்கை கொடுப்பது எனக்குப் பிடிக்காது.

பிப்ரவரி முடிவதற்குள் அத்தை தன் முடிவைச் சொல்லிவிட்டார். “இந்த வருஷத்துலேருந்து நான் கிம்ச்சி போடலை. என் கை போயிடுச்சு. அடுத்தவங்க வாயைக் கெடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கு? கடையிலேயே வாங்கிக்குங்க.” போனைக் கையில் வைத்துக்கொண்டு ஹே-ரான் அழுதாள். பார்க்கச் சகிக்கவில்லை. அந்த பீரிலேயே ஒரு புட்டியைத் திறந்து அவளுக்கு ஊற்றிக் கொடுத்தேன். அழுது மூக்கடைத்திருந்ததால் அவளுக்கு ருசி ஒன்றும் தெரியவில்லை. இனிமேல் வலது குழி வருஷம் முழுக்கக் காலிதான் என்று அப்போது எனக்குத் தோன்றியது உண்மை. தோன்றுவதை யாரும் தடுக்க முடியாது.

மண்டபத்தில் நடந்தது உங்களுக்கே தெரியும். அத்தைக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று ஹே-ரான்தான் அவரைப் போட்டிக்கு அழைத்து வந்தாள். எனக்கு அதில் சம்மதமில்லை. பரிசுக் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் சொன்னீர்கள், “பியோங்-ஹோ, இந்தக் கடைசி ருசி என்னன்னே எனக்குப் பிடிபடலைப்பா. வாய்ல உட்கார்ந்துக்கிட்டுப் போக மாட்டேங்குது.” அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரியவர் என்று இரண்டு கையாலும் அத்தையிடம் ஒரு கிளாஸை நீட்டினீர்கள்.

அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார்.

“மாப்ள.”

“சொல்லுங்க அத்தை.”

“இதுல என் பூண்டு இருக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு வாய் குடித்தார்.

“நெத்திலி இருக்கு. எங்க ஊர்ப் பேரிக்காய் இருக்கு. உப்புல நல்லா ஊறின கோஸ் வாசனை இருக்கு. ஊறாத கோஸுக்கு இந்த வாசனை வரவே வராது.”

சிரிப்பு நின்றுவிட்டது. ஹே-ரான் என்னைப் பார்த்தாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோப்பை என் கையில் இருந்தது. நான் உங்கள் பக்கம் குனிந்து என்ன சொன்னேன் என்பதை நீங்கள் மட்டுமில்லை, அத்தையும் கேட்டுவிட்டார்.

“மன்னிச்சுக்குங்க தலைவரம்மா. அத்தைக்குக் கொஞ்ச நாளாவே மறதி. என்ன பேசுறோம்னு அவங்களுக்கே தெரியாது.”

அத்தை கண்ணைத் திறந்தார். மீதி பீரையும் குடித்து முடித்துக் கிளாஸைக் கீழே வைத்தார்.

“ஆறு, குடை, செருப்பு,” என்றார், என்னைப் பார்த்து.

பிறகு எழுந்து போய்விட்டார். ஹே-ரான் என் கோட்டுப் பையில் கையை விட்டுக் கார் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். நான் பேருந்தில் வந்தேன்.

ஆக, சாற்றைக் கொட்டியது நான். குளிரை மாற்றியது நான். உப்புப் போட மறந்துவிட்டீர்கள் என்று சொன்னது நான். அவர் ஒன்றையும் மறக்கவில்லை என்று தெரிந்தே சொன்னேன். சங்கத்தின் விதி அப்படி என்றால் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஹே-ரான் நாஜுவிலிருந்து இன்னும் வரவில்லை. பருவமே இல்லாத பருவத்தில் அத்தை கோஸ் வாங்கிக் கிம்ச்சி போடுவதாகவும், தெருவே அங்கே கூடியிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். எங்கள் பங்கைப் பற்றிப் பேச்சில்லை. இடது குழியும் இப்போது காலி. இரண்டாவது கலத்துக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் நீங்கள் நியாயமாக யோசிக்க வேண்டும். மறதி என்று நான் சொன்னது முழுப் பொய் இல்லை. அன்று அவர் மூக்குக்கண்ணாடியை மேஜையிலேயே மறந்துவிட்டுத்தான் போனார், நீங்களே பார்த்தீர்கள்.