கண்ணாடித் தடுப்பு

— தோள்பட்டை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஒருக்களிச்சுப் படுத்து மூணு நாளாச்சு. நீ என்னடான்னா நின்னு சட்டம் பேசுற.

— சட்டம் இல்ல. சட்டையைக் கழட்டுங்க, பட்டன் படத்துல விழும். எக்ஸ்ரேக்கு வர்ற எல்லாருக்கும் சொல்றதுதான்.

— கழட்டுங்க, வாங்க, போங்க. கூடப் பிறந்த அண்ணனுக்கு என்ன மரியாதை பாரு. இந்தக் கை நெஞ்சுக்கு மேல தூக்காது. நீயே கழட்டு.

— சரி. இப்படி வந்து இந்தப் பலகையில தோளை ஒட்டி நில்லுங்க.

— பொணத்தைத் தொட்ட மாதிரி இருக்கு.

— சில்லுன்னுதான் இருக்கும். ஊசி இல்ல, வலி இல்ல. நான் சொன்னதும் மூச்சைப் பிடிச்சு ஆடாம நிக்கணும். ஆடினா படம் கலங்கிடும், திரும்ப எடுக்கணும்.

— சொல்லிட்டு நீ எங்க கிளம்பிட்ட?

— அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால. சுவிட்ச் அங்க இருக்கு.

— ஒண்ணும் ஆகாதுன்னா இங்கேயே நில்லேன்டா.

— உங்களுக்கு இன்னைக்கு ரெண்டு படம். எனக்குத் தினம் அறுபது. பக்கத்துலயே நின்னா என் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

— அன்னைக்கும் உன் உடம்பைத்தான் பார்த்த. இரும்பு உத்தரத்துல ஒரு முனை என் தோள்ல, இன்னொண்ணு உன் தோள்ல. வழுக்கினதும் போட்டுட்டுத் தூணுக்குப் பின்னால போய் நின்ன.

— எனக்கு அப்போ பத்தொம்பது வயசு. மூச்சை இழுங்க. பிடிங்க. ம், விடலாம்.

— இவ்வளவுதானா?

— இன்னொண்ணு இருக்கு. உள்ளங்கையை வெளியே திருப்புங்க.

— திரும்புனா நான் ஏன்டா கேட்டுல வாட்ச்மேன் வேலை பார்க்கிறேன்?

— முடிஞ்ச அளவு போதும். ஆடாதீங்க. ஆச்சு.

— என்ன தெரியுது?

— டாக்டர்தான் சொல்லணும். நான் வாயைத் திறக்கக் கூடாது.

— நல்ல பழக்கம். எப்பலேருந்து?

— அண்ணே, பழைய முறிவு. கோணலா சேர்ந்திருக்கு. போதுமா? சீட்டுல அடிபட்ட விதம்னு ஒரு இடம் இருக்கு. என்ன எழுத?

— ஊருக்குத் தெரிஞ்சதை எழுது. வேலை நேரத்துல குடிச்சான், தடுமாறினான். அதைச் சொல்லித்தானே வெளியே தள்ளினாங்க? பதினோரு வருஷம் ஆச்சு. உன் அண்ணி இன்னும் என் வாயை மோந்து பார்த்துட்டுத்தான் கதவைத் திறக்கிறா.

— அது மேஸ்திரி கட்டின கதை. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?

— மேஸ்திரியா?

— வேற யாரு? அவன்தான் எழுதிக் கொடுத்தான். நீ மயங்கிக் கிடந்த, உனக்கு என்ன தெரியும்?

— சட்டையை மாட்டிவிடு. மெதுவா. இந்தத் தெருவுல இன்னும் ரெண்டு எக்ஸ்ரே கடை இருக்கு, ரெண்டையும் தாண்டித்தான் உன்கிட்ட வந்தேன். படம் உன்கிட்டயே இருக்கட்டும், சீட்டும் இருக்கட்டும். அன்னைக்கு எனக்குக் கண்ணுதான்டா மூடியிருந்துச்சு, காது மூடல. ‘அண்ணன் குடிச்சிருக்கு’ன்னு மேஸ்திரிகிட்ட சொன்னது உன் குரல். என் வீட்டு வாசல்ல வந்து நின்னு, உன் அண்ணி மூஞ்சியைப் பார்த்து, ‘அண்ணன் குடிக்கல, நான்தான் கைவிட்டேன்’னு சொல்லணும். நீ எனக்குத் தர வேண்டிய பாக்கி அது ஒண்ணுதான்.