நாக்கு போகும் இடம்

"என் நாக்குதாங்க அந்த ஸ்க்ரூவக் கழட்டிருச்சு."

கட்டுமாவடி பஸ்ஸில், எனக்குப் பக்கத்து வரிசையில், பல்லில் கம்பி கட்டிய இளைஞர் ஒருவர் அருகில் இருந்த ஒரு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கை கன்னத்தைப் பொத்தியிருந்தது.

"ஸ்க்ரூவா? வாயிலயா தம்பி?"

"ஆமாங்கம்மா. கம்பியப் பிடிச்சு இழுக்க எலும்புல குட்டி ஸ்க்ரூ ஒண்ணு வைப்பாங்க. அது ஆடி ஆடி விழுந்துருச்சு. இன்னைக்கு வேற எடத்துல வச்சிருக்காங்க. இதுவும் கழண்டா இனி வைக்க எடமில்லையாம்."

"எலும்புல பலமில்லையோ?"

"எலும்பு கெட்டியா இருக்காம். ஈறும் வீங்கல. பல்லும் ஒழுங்காத்தான் வெளக்குறேன். நாக்கால நோண்டுவீங்களான்னு டாக்டர் கேட்டாங்க."

"நோண்டாம இருக்க வேண்டியதுதானே?"

"பேசிக்கிட்டு இருந்தா நாக்கு அங்கிட்டுப் போகாதுங்க. இறால் பண்ணையில என்கூட வேல பாத்த ஆளும் ஊருக்குப் போயிட்டாரு. இப்ப நான் மட்டுந்தான். நாளெல்லாம் மோட்டார் சத்தந்தான். வாய் சும்மா இருந்தா, தன்னால போயிருது."

"இப்பப் போகலையே?"

"இப்ப ஒங்ககிட்டப் பேசிக்கிட்டு வாரேன்ல!"

இருவரும் சிரித்தார்கள். நாகுடியில் அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாரேன் தம்பி. ஒடம்பப் பாத்துக்க."

ஜன்னல் வழியாக இளைஞர் அவருக்குக் கையாட்டினார். பஸ் கிளம்பியதும் என் பக்கம் திரும்பினார். நான் போனைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில், அவருடைய கன்னம் உள்ளிருந்து மெல்லப் புடைத்து அசையத் தொடங்கியது.