ஏணி இல்லாத கட்டம்

ஏணியை எடுத்தால், எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலக வாட்ச்மேனுக்கு இருக்கும் ஒரே கொள்கை. மற்றபடி அவர் எதற்கும் கோபப்பட மாட்டார். நான் திரும்ப வைத்துவிட்டேன், மேடம். அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் என்னைத் தேடி வரவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். அதையும் குறித்துக்கொள்ளலாம். டீ வேண்டாம், தண்ணீர் போதும்.

தொழில், எழுத்து. வாரப் பத்திரிகையில் வரும் 'கல்மார்பன்' படக்கதை என்னுடையது. உங்கள் வீட்டிலும் யாராவது படித்திருப்பார்கள். மார்பில் குண்டு பட்டால் குண்டுதான் நசுங்கும், அந்த ஆள். பதினோரு வருடமாக வாரம் பதினாறு பக்கம். நான் கதையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதிக் கொடுப்பேன். ஓவியர் வரைவார். கடைசியாக என் மனைவி, பேச்சு பலூன்களுக்குள் வசனத்தைக் கையால் எழுதுவாள். அந்தக் கதையில் யார் வாயைத் திறந்தாலும் அது அவளுடைய கையெழுத்துதான்.

கல் மார்பு இருப்பவனிடம் ஒரு சிக்கல் உண்டு. அவனுக்கு வலிக்காது. வலிக்காதவன் மேல் வாசகனுக்கு இரக்கம் வராது. அதனால் அவன் பக்கத்தில், வலிக்கக்கூடிய ஒருத்தியை நிறுத்த வேண்டும். முதல் இதழில் அவனுடைய அம்மா தீயில் போனாள். அடுத்த வருடம் கல்லூரித் தோழி. பிறகு ஒரு நர்ஸ், ஒரு நிருபர், கூடப்பிறந்த தங்கை, நிச்சயம் செய்த பெண் இரண்டு பேர். மொத்தம் பத்தொன்பது. ஒவ்வொருத்தி செத்த வாரமும் தபால்காரர் வாசகர் கடிதங்களோடு இரண்டு நடை வருவார்.

இந்த வித்தையை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் முதலாளி. சேர்ந்த புதிதில் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏம்பா, அவன் சீக்கிரம் வந்துட்டா கதை முடிஞ்சு போகும். ரொம்ப லேட்டா வந்தா அவன்மேலயே கோவம் வரும். ஒரு கட்டம் லேட்டா வரணும். ஒரே ஒரு கட்டம்."

பத்தொன்பது முறையும் கல்மார்பன் ஒரு கட்டம் தாமதமாகத்தான் வந்தான். அதனால்தான் அவனை யாரும் குறை சொன்னதில்லை. அழுதான், எல்லோரும் சேர்ந்து அழுதார்கள்.

எங்கள் ஓவியர் நல்ல மனிதர், ஆனால் மனதில் நினைத்து வரைய வராது. புகைப்படத்தைப் பார்த்துத்தான் வரைவார். படத்தில் ஒரு காக்கா இருந்தால் காகிதத்திலும் இருக்கும், இல்லையென்றால் இருக்காது. அதனால் சாகிற பெண்கள் எல்லோருக்கும் என் மனைவிதான் நடிப்பாள், நான் படம் எடுப்பேன். படிக்கட்டில் உருண்டு கிடப்பாள். கட்டிலிலிருந்து தலை தொங்கக் கிடப்பாள். "சீக்கிரம் கொல்லுங்க, அடுப்புல பால் பொங்குது" என்பாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு செத்துப் போவாள். எங்கள் வீட்டில் அது ஒரு சந்தோஷமான வேலையாக இருந்தது. இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

பிறகு அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"இந்த நர்ஸ் எங்க தங்கியிருக்கா?"

"தெரியாது."

"அவளுக்கு அக்கா தங்கச்சி யாராவது?"

"நாலு பக்கத்துல சாகப் போறவளுக்கு அக்கா எதுக்கு?"

"அதான் கேக்கறேன். கல்மார்பனோட நாய்க்குக்கூட ஒரு முன்கதை எழுதியிருக்கீங்க."

இன்னொரு நாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விரலை நீவிக்கொண்டே சொன்னாள்: "ஐயோன்னு எழுதி எழுதி என் கைக்கே அழுகை வந்துடுச்சுங்க." நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததால் அது வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

போன வருடம் ஒரு கதையில், வங்கியில் வேலை பார்க்கும் பெண்ணைப் பெட்டக அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். "என்னை விட்டுவிட்டு நீங்கள் தப்பித்துவிடுங்கள்" என்று அவளுக்கு வசனம் எழுதியிருந்தேன். அச்சாகி வந்தபோது பலூனுக்குள் வேறு இருந்தது. "இந்தப் பூட்டைத் தினமும் திறப்பவளே நான்தான்."

கேட்டபோது, "நீங்க எழுதினது பலூனுக்குள்ள அடங்கல" என்றாள்.

அந்த வாரம் தபால்காரர் மூன்று நடை வந்தார். முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவள் வெளியே வரும்போது கையில் ஒரு புதுக் கதைக்கான ஒப்புதல் இருந்தது. கதாநாயகி ஒரு லிஃப்ட் மெக்கானிக். எங்கே மாட்டிக்கொண்டாலும் தானே ஏறி, தானே இறங்கி வருவாள். வாரம் எட்டுப் பக்கம். அந்த எட்டும் கல்மார்பனிடமிருந்து எடுக்கப்பட்டவை.

எனக்குப் பொறாமை இல்லை. முதல் இரண்டு பக்கத்தை நானே படித்துப் பார்த்து ஒரு பிழையைத் திருத்திக் கொடுத்தேன். ஒன்றுதான் உறுத்தியது. அந்த மெக்கானிக்கின் கதையில் ஆண்களே வராமலில்லை. வந்தார்கள், கருவியை எடுத்துக் கொடுத்தார்கள், போனார்கள். அவர்களில் ஒருவனுக்கு என்னுடைய மூக்கு. ஓவியரிடம் என் படத்தைக் கொடுத்திருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கேட்டேன்: "இருபதாவது ஒருத்தி பாக்கி. மொட்டை மாடியில மாட்டிக்கிற காட்சி. கடைசியா ஒரு தடவை செத்துக் கொடுத்துடு."

"இதோட ரிட்டையர் ஆயிடுவேன், சரியா?" என்றாள். அவளுடைய கதைக்கும் உயரத்திலிருந்து தெருவைப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் வந்தாள்.

மதியம் மூன்று மணி. அலுவலகத்தில் யாரும் இல்லை, வாட்ச்மேனுக்கும் விடுமுறை. மூன்று மாடிக் கட்டடம். மொட்டை மாடியில் படிக்கட்டு முடியும் இடத்தில் ஓர் அறை, அதன் தலையில் தண்ணீர்த் தொட்டி. அங்கே ஏற ஒரு மர ஏணிதான் வழி, பன்னிரண்டு அடி. அவள் ஏறினாள். விளிம்பில் நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்தேன். முகம் சரியாக வரவில்லை. பயந்த மாதிரி பார்க்கச் சொன்னால் கண்ணை உருட்டினாள். பதினோரு வருடமாக உருட்டின அதே கண்.

அதனால் ஏணியை எடுத்துப் பின்னால் தரையில் படுக்க வைத்தேன். திரும்பி அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுத்தேன்.

அந்தப் படத்தில்தான் முகம் வந்தது. பயம் என்று சொல்ல முடியாது. கூடவே வாழ்ந்த ஆளை முதல் தடவை பார்ப்பது போன்ற முகம்.

பிறகு நான் இறங்கிப் போனேன். கொஞ்ச நேரம் தனியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். என் மனதில் இருந்தது இவ்வளவுதான், மேடம்: அவள் கூப்பிட வேண்டும், நான் ஓடிப் போய் ஏணியை வைக்க வேண்டும். பத்தொன்பது பேரைக் கொன்றவன் நான். இந்த ஒருத்தியையாவது காப்பாற்ற ஆசைப்பட்டேன். அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்.

அவள் தானாகவே இறங்கப் பார்த்திருக்கிறாள், அவளுடைய மெக்கானிக் மாதிரி. தொட்டியிலிருந்து பின்பக்கச் சுவரோடு ஒரு குழாய் கீழே இறங்குகிறது. அதன் பிடிக் கொக்கி கழன்றிருக்கிறது என்று வாட்ச்மேன் அதற்கு முந்தின மாதம் யாரிடமோ சொல்லியிருந்தார். அதைப் பிடித்தாள். குழாயோடு சேர்ந்து பின்முற்றத்தில் விழுந்தாள்.

சத்தம் கேட்டது. நான் மேலே ஓடினேன், ஏணியை எடுத்துச் சுவரில் சாய்த்தேன், பிறகுதான் கீழே ஓடினேன். முதலில் கீழேதான் ஓடியிருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரிகிறது. அவளுக்கு அப்போது உயிர் இருந்தது. பேச்சு இல்லை. ஆஸ்பத்திரி போவதற்குள் அதுவும் இல்லை. உங்களுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த அதிகாரி, ஏணி இருப்பதைப் பார்த்தார், குழாய் உடைந்திருப்பதைப் பார்த்தார், கதைக்காக ஏறிப் பார்த்து ஏதோ சாகசம் செய்திருக்கிறாள் என்று எழுதி முடித்துக்கொண்டார். நல்ல மனிதர். என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

எல்லோரும் தட்டிக் கொடுத்தார்கள். அவளுடைய அக்கா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, கடைசியா அவ ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டாள். வெறுங்கையோடு அனுப்ப மனது வரவில்லை. "கல்மார்பனை நிறுத்திடாதீங்கன்னு சொன்னா அக்கா" என்றேன். அதையே பத்திரிகையில் அவள் படத்துக்குக் கீழே போட்டோம். லிஃப்ட் மெக்கானிக் இரண்டு பக்கத்தோடு நின்றுவிட்டது. எழுத ஆள் இல்லையே.

இருபதாவது கதை நான்கு மாதம் கழித்து வந்தது. இங்கேதான் புத்தி தடுமாறியது. அந்த இரண்டு படங்களையும் நான் எரித்திருக்க வேண்டும். அப்படி ஒரு முகத்தை வீணாக்க மனம் வரவில்லை. எப்போதோ எடுத்தவை என்று சொல்லி ஓவியரிடம் கொடுத்தேன். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுதாம்பா உன் உச்சம்" என்றார்.

எங்கள் பத்திரிகையில் 'தப்பு பிடி' என்று ஒரு பகுதி உண்டு. கல்மார்பனின் பெல்ட் நிறம் மாறிவிட்டது, கடிகாரம் இடக்கையிலிருந்து வலக்கைக்குப் போய்விட்டது என்று வாசகர்கள் எழுதுவார்கள். நான் பதில் எழுதி ஒரு பேட்ஜ் அனுப்புவேன். பத்தொன்பது நாளைக்கு முன்னால் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணின் கார்டு வந்தது. இதோ, உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன்.

'பதினான்காம் பக்கத்தில் ஏணி இருக்கிறது. பதினைந்தாம் பக்கத்தில் அதே சுவர், ஏணி இல்லை. அக்கா மேலே நிற்கிறார், அவர் எடுத்திருக்க முடியாது. வில்லன் கப்பலில் இருக்கிறான். கல்மார்பன் இன்னும் வரவில்லை. அப்படியானால் எடுத்தது யார்?'

அச்சுப்பிழை என்று பதில் எழுதினேன், கிழித்தேன். ஓவியரின் கவனக்குறைவு என்று எழுதினேன். அதை அவர் பார்த்துவிட்டார். போய், அந்த இரண்டு புகைப்படங்களையும் கொண்டு வந்து என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "நான் இருக்கறதைத்தான் சார் வரைவேன்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். அவர் போன பிறகு கார்டையும் நோட்டையும் எடுத்துப் பையில் வைத்தேன். பிறகு நேராக இங்கே வந்தேன்.

குழாய் விஷயமா? ஆமாம். வாட்ச்மேன் சொன்னது என்னிடம்தான்.

அந்த நோட்டா? அது என் வேலை நோட்டு. கதைக் குறிப்புகள். கடைசிப் பக்கத்தைத் திருப்ப வேண்டாம் என்று கேட்கலாம்தான். நீங்கள் திருப்பிவிட்டீர்கள்.

நான்கு பலூன்கள். நான் வரைந்தவை. எழுத்தும் என்னுடையதுதான். அவளாக இருந்தால் இன்னும் அழகாக எழுதியிருப்பாள்.

அவள் கூப்பிட்டாள், மேடம். நான் வெகுதூரம் போகவில்லை. ஒரு திருப்பம் கீழே, படிக்கட்டிலேயே உட்கார்ந்து இந்த நோட்டைத் திறந்து வைத்திருந்தேன். பத்தொன்பது பேருக்கும் நானே இட்டுக்கட்டி எழுதினேன், உண்மையில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. முதலில் "என்னங்க" என்றாள், வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே. கொஞ்சம் பொறுத்து, "என்னங்க, விளையாடாதீங்க, கால் சுடுது." வெயில் அப்படி. செருப்பை ஏணிக்குக் கீழேதான் விட்டிருந்தாள். மூன்றாவது முறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னதே இல்லை.

மூன்றாவது நன்றாக இருந்தது. நான்காவது இன்னும் நன்றாக வரும் என்று நான்காவது பலூனை வரைந்துவிட்டுக் காத்திருந்தேன். அது காலியாக இருப்பதைப் பாருங்கள். அவள் அதற்குமேல் கூப்பிடவில்லை. குழாய் சத்தம்தான் கேட்டது.

எழுதிவிட்டீர்களா? கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம் மட்டும். அவள் கூப்பிட்டும் நான் போகவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை, மேடம். போனேன். ஒரு கட்டம்தான் தாமதம்.