ஓமும் பாப்பமும்

தலைமை தாங்கும் அதிபர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் இன்னாசித்தம்பி அண்ணை அவர்களே, முன்வரிசையில் இருக்கும் றோசம்மா அம்மா, நெடுந்தீவு மக்களே, வணக்கம்.

இன்று முப்பத்தோராம் நாள். றோசம்மா அம்மாவின் மகள், எங்கள் பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியை செல்வி மேர்சி அவர்களுக்காகக் கூடியிருக்கிறோம். நான் றஜீபன். கணித ஆசிரியன். ஆறு வருடம் அவருடன் ஒரே ஓய்வறையில் இருந்தவன்.

எனக்கு முன் பேசிய மூவரும் அவரை வீராங்கனை என்றார்கள். கடலன்னை தன் மகளை அழைத்துக்கொண்டாள் என்றும் ஒருவர் சொன்னார். மன்னிக்க வேண்டும். கடல் ஒருவரையும் அழைக்கவில்லை. மேர்சி ரீச்சர் தானாக இறங்கினார். பங்குனிப் பௌர்ணமி, போயா விடுமுறை, காலை ஐந்தே முக்கால். அக்கரையில் குறிகாட்டுவான் துறை வரை நீந்துவதற்கு. தனியாக. அடுத்த நாள் நயினாதீவுக் கடற்றொழிலாளிகள் உடலைக் கொண்டுவந்தார்கள்.

பறுவத்தில், முழுநிலா நாளில், நீரோட்டம் இழுக்கும் என்று ஒரு கடற்றொழிலாளியின் மகளுக்குத் தெரியாதா? தெரியும்! பிறகு ஏன்? எனக்குக் கோபம். இரங்கல் கூட்டத்தில் கோபப்படக்கூடாதுதான். வேறெங்கே போய்ப் படுவது?

ஒருமுறை சோளகக் காற்றுக் காலம், கடல் கொந்தளிப்பு. படகில் ஏறிய நாங்கள் உயிர்காப்பு அங்கிகளை மடித்துப்போட்டு அவற்றின் மேல் இருந்தோம். நானும்தான். ரீச்சர் துறையிலேயே வழியை மறித்து நின்றார்.

"இது என்ன, தலகணியோ? போடுங்கோ. போடாமல் படகு வெளிக்கிடாது."

"வேர்க்குது பிள்ளை," என்றார் ஒரு பெரியவர்.

"செத்தா வேர்க்காது, ஐயா."

படகு இருபது நிமிடம் பிந்தியது. எல்லோரும் போட்டோம். எங்களை வேர்க்க வைத்த அதே மனிதர், தான் மட்டும் ஒன்றுமில்லாமல் இறங்குவதா? என்ன நியாயம் இது!

நான் அவரிடம் கேட்டிருக்கிறேன். "ஏன் ரீச்சர் இந்த விசர் வேலை?"

"சேர், இந்தக் கடலை நாங்கள் எதுக்குக் கடந்திருக்கிறம்? ஆஸ்பத்திரிக்கு. கச்சேரிக்குக் கையெழுத்து வாங்க. ஓடித் தப்ப. ஒருக்காலாவது விருப்பத்துக்குக் கடக்க வேணும்."

"படகில போறதும் விருப்பம்தானே?"

"அது உங்கட விருப்பம். சத்தி எடுத்துக்கொண்டு போற விருப்பம்."

ஓய்வறை சிரித்தது. படகில் ஏறினால் எனக்கு வாந்தி வரும், ஊருக்கே தெரியும்.

பல்கலைக்கழகத்தில் இதைப்பற்றி வாசித்திருக்கிறேன். ஆபத்தைத் தேடுகிறவர்கள் சாவை விரும்புகிறார்களாம். இல்லை, புகழையாம். ரீச்சர் இரண்டையும் விரும்பவில்லை. அடுத்த கிழமைக்கான பாடக்குறிப்பு எழுதி முடித்து மேசையில் இருந்தது. அவருக்குக் கரைக்குத் திரும்பும் எண்ணம் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இனிச் சொல்லப்போவது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

என் மைத்துனரிடம் இயந்திர வள்ளம் இருக்கிறது. ரீச்சர் என்னிடம் கேட்டார். "போயா அண்டைக்கு விடிய வள்ளத்தோட நிப்பீங்களோ, சேர்?"

"ஓம், பாப்பம்," என்றேன்.

தீவுப்பகுதியில் பிறந்த எவருக்கும் தெரியும், பாப்பம் என்றால் இல்லை. நேரே ஏலாது, முடியாது என்றால் முகம் முறியும். ஆகவே பாப்பம். நான் மைத்துனரிடம் கேட்கவே இல்லை. வள்ளம் வராவிட்டால் ரீச்சர் இறங்கமாட்டார் என்று கணக்குப் போட்டேன். கணித ஆசிரியன்!

அவர் ஓம் என்ற சம்மதத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். ஐந்து மணியிலிருந்து துறையில் நின்றிருக்கிறார். வெளிச்சம் வந்ததும், அங்கே வலை சரிபார்த்துக்கொண்டிருந்தவர்களிடம், "சேர் பின்னால வருவார்," என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறார்.

நான் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

நான் மட்டுமா? சனிக்கிழமை நீச்சல் வகுப்புக்கு ஒரு காவல் வள்ளம் தாருங்கள் என்று மூன்று வருடம் சங்கத்தைக் கேட்டார். இன்னாசித்தம்பி அண்ணை, நீங்கள் என்ன சொன்னீர்கள்? தலையைக் குனியாதீர்கள். நானும் அதே சொல்லைத்தான் சொன்னேன். வள்ளம் இல்லாமலே, ஒரு கயிற்றை மட்டும் கட்டி, பதினான்கு பிள்ளைகளுக்குப் பழக்கினார். இன்று அந்த வகுப்பும் இல்லை. பெற்றோர் மறித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் இன்று காலை முதலில் றோசம்மா அம்மாவிடம்தான் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அவள் ஏன் போனவள் எண்டு ஊரெல்லாம் கேக்குது, தம்பி. பின்னால ஏன் ஒருத்தரும் போகேல்லை எண்டு நீர் ஒருத்தர்தான் சொல்லியிருக்கிறீர்."

பிறகு, "அவளின்ர அப்பான்ர வள்ளம் கரையில கிடக்குது. சனிக்கிழமை வகுப்புக்கு எடும்," என்றார்.

இந்த இடத்தில் நான் சபதம் எடுக்க வேண்டும். குறிகாட்டுவானுக்கு நீந்துவேன் என்று சொல்லமாட்டேன். அவர் செய்தது சரி என்றும் சொல்லமாட்டேன். வரும் சனிக்கிழமை காலை ஆறரைக்கு வகுப்புத் தொடங்கும். அவரிடம் பழகி மாகாணப் போட்டிவரை போன வினோஜா கற்பிப்பார். எனக்கு நீந்தத் தெரியாது. கயிற்றைப் பிடித்துப் பழகப்போகும் முதல் ஆள் நான்.

வள்ளம் இருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதில் நிற்க ஒருவர் வேண்டும். ஓம் என்றால் ஓம் என்று சொல்லுங்கள். ஏலாது என்றால் ஏலாது என்று சொல்லுங்கள். முகம் முறியட்டும், பரவாயில்லை. மற்றச் சொல்லை மட்டும் இந்த மண்டபத்தில் ஒருவரும் சொல்லாதீர்கள்.

இன்னாசித்தம்பி அண்ணை, முதலில் உங்களைத்தான் கேட்கிறேன்.