நிற்காத லோரி

ஓடுகிறேன். எண்பத்து மூன்று வயது அப்பாவை வாழையிலைக்கு முன்னால் விட்டுவிட்டு, நான் மட்டும் ஓடுகிறேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை. பகல் பன்னிரண்டு நாற்பது. தலைக்கு மேல் வானம் கிழிகிறது. கடைக் கண்ணாடிகள் அதிர்கின்றன. பின்னால் அப்பாவின் குரல்.

"தியாராப்! படு! எல்லாரும் படு!"

நான் படுக்கவில்லை. எதிர்ப்புறத் துணிக்கடை வரை ஓடினேன். மூன்று வாரமாக வாட்ஸ்அப்பில் மேற்காசியப் போரை நடத்திவந்த தளபதி நான். எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் பாயும் என்று மைத்துனர்களுக்குப் பாடம் எடுத்தவன். அன்று காலைதான் அப்பாவின் ராணுவப் பதக்கத்தைப் படமெடுத்து, 'வீரனின் மகன்' என்று பேஸ்புக்கில் போட்டிருந்தேன்.

சத்தம் அடங்கியதும் திரும்பி வந்தேன். மேசைக்கு அடியில் அப்பா. அவருக்குக் கீழே, மோரில் நனைந்து, பரிமாறும் புதுக்கோட்டைத் தம்பி. அவனை இழுத்துப் போட்டு மேலே கவிழ்ந்திருக்கிறார்.

"ஐயா, ப்ளேனுங்கய்யா. சுதந்திர தினத்துக்கு ஒத்திகை. நேத்தும் வந்துச்சு" என்றான் அவன், நசுங்கியபடி.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். சாதத்தைத் தொடவில்லை. என்னையே பார்த்தார்.

"நீயும் ஓடிட்ட. இனிமே உங்கிட்ட சொல்லலாம்."

ஐம்பது வருடம் சொல்லாததைச் சொன்னார்.

எழுபதுகள். கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் பதுங்கியிருந்த வடக்கு எல்லைக் காடு. செம்மண் சாலை. காலை ஒன்பது இருபது. முன்னால் ஜீப். பின்னால் அப்பா ஓட்டும் ராணுவ லோரி. அதன் முதுகில் பன்னிரண்டு பேர். ஓட்டுநருக்கு ஒரே விதி: காட்டிலிருந்து சுட்டால் நிற்காதே. ஓட்டு.

ஒரு 'டம்'. ஜீப் எழும்பியது. விழுந்தபோது அது ஜீப் இல்லை. அப்பாவின் வலது காது அத்தோடு போயிற்று. இடப்பக்க மூங்கில் புதரிலிருந்து துப்பாக்கிகள். பக்கத்து இருக்கையில் ஹசான். ஏதோ சொல்லத் திரும்பினான். தாடை இல்லை. சூடான ரத்தம் ஸ்டியரிங்கில். கை வழுக்குகிறது. எரியும் ஜீப்பைச் சுற்றிப்போக லோரி மெதுவாகிறது. நின்றுவிட்டது என்று நினைத்துப் பின்னாலிருந்து ஒருவன் குதிக்கிறான். முனியாண்டி. மேரு ஊர்க்காரன். அப்பாவோடு ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவன்.

"ஜாலான் தெருஸ்! நிக்காதே, போ!" சார்ஜன் கூரையைத் தட்டிக் கத்துகிறார்.

வலது கண்ணாடியில் முனியாண்டி ஓடி வருகிறான். "டேய், நில்லுடா! நில்லுடா!" கை நீள்கிறது. தொடை சிதறுகிறது. முழங்காலில் விழுந்தும் கையை இறக்கவில்லை. அடுத்த குண்டில் கண்ணாடி உடைந்தது. அப்பாவின் கால் மிதியிலேயே இருந்தது.

"அதுக்குத்தான் அந்தப் பதக்கம்" என்றார்.

"ரூல்தானேப்பா. பின்னால பதினோரு பேரு இருந்தாங்களே."

"எண்ணிட்டேன்லா. தினமும் எண்ணுறேன்."

பட்டாளத்துக்குப் பிறகு கிள்ளானில் பள்ளிப் பேருந்து ஓட்டினார். யாராவது ஓடி வந்தால் கிளப்பவே மாட்டார். பின்னால் ஹாரன்கள் அலறும். நான் உள்ளே உட்கார்ந்து சிரித்திருக்கிறேன்.

இழந்தவை இவை. ஜீப்பில் மூன்று பேர். ஹசான். முனியாண்டி. ஒரு காது. ஒரு கண்ணாடி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு குவளை மோர். பேஸ்புக்கிலிருந்து அன்றே நீக்கிய ஒரு படம்.

காரில் ஏறும்போது மன்னிப்புக் கேட்டேன். அப்பா பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"பரவால்லடா. அப்பனைத்தான் விட்டுட்டு ஓடுன. போனை மறக்காம எடுத்துகிட்டுத்தானே ஓடுன!"