முதலில் வேண்டியது நல்ல கயிறு

சொந்தமாகப் புத்தகம் போட நினைப்பவருக்கு முதலில் வேண்டியது நல்ல கயிறு, டாக்டரம்மா.

காகிதம், மை, அச்சு எல்லாம் அப்புறம். கற்றாழை நாரில் முறுக்கிய கயிறாக இருக்கட்டும். சனிக்கிழமைச் சந்தையில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பத்துக்கு இழுத்துக் கட்டி, துணிக்குப் போடுகிற கிளிப்பால் ஒவ்வொரு புத்தகத்தையும் தொங்கவிட்டால், அட்டைப் படம் வருகிறவன் மூக்குக்கு நேரே நிற்கும். நான் வாங்குகிற கயிற்றில் ஓர் ஆளே தொங்கினாலும் அறாது. மட்டமானதை வாங்கிவிடாதீர்கள்.

நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும். போலீஸ் அதிகாரியை டாக்டர் என்று மரியாதையாகக் கூப்பிட்டாலும் கேள்வி போலீஸ் கேள்விதான். ஒட்டாசிலியோ எப்படிச் செத்தான் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். ஆனால் அவன் பிணத்தை எடுத்த அன்று நீங்கள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு இன்னொன்றும் கேட்டீர்கள். நாவல் ஒன்று எழுதி வைத்திருக்கிறீர்கள், ரெசிஃபி நகரத்தில் எந்தப் பதிப்பகமும் பதில்கூடப் போடவில்லை, நாமே அச்சடித்துக்கொள்வது கௌரவக் குறைச்சலா என்று. அது துக்க வீடு. சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். எழுத்தர் நிதானமாகத் தட்டச்சு செய்யட்டும்.

தண்ணீர் வேண்டாம். உங்கள் ஸ்டேஷனில் இன்னும் லாரித் தண்ணீர்தான், உப்புக் கரிக்கும். காபி இருந்தால் போதும்.

கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. இந்தப் பெட்ரா மான்சாவில் ஜுவென்சியோ என்று பெயர் சொன்னால் குழந்தைக்கும் தெரியும். பாட்டை நானே எழுதுகிறேன், அட்டைக்கு மரக்கட்டையில் படத்தை நானே செதுக்குகிறேன், சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கிற கை அச்சில் நானே அடிக்கிறேன், நானே மடிக்கிறேன். சந்தையில் நானே பாடுகிறேன். இடையில் ஒருவன் இல்லை. உங்கள் நாவலைப் படிக்க ஒருவர் அனுமதி தரட்டும் என்று காத்திருந்தால், அந்தக் காத்திருப்பைத்தான் வாழ்நாள் முழுக்க எழுதுவீர்கள்.

அடுத்தது விற்பனை. இதில் ஒரே ஒரு வித்தைதான். எங்கள் அப்பன் பாட்டன் காலத்து வித்தை. கதையைக் கூட்டத்துக்கு நடுவே ராகம் போட்டுப் பாட வேண்டும். பண்ணையார் மகளைக் குதிரையில் ஏற்ற வேண்டும், பின்னால் துப்பாக்கியோடு அவள் அண்ணன்மாரை ஓட விட வேண்டும், பாலத்துக்கு அவளைக் கொண்டுவர வேண்டும். பாலம் உடையும் சத்தத்தில் நிறுத்திவிட வேண்டும். நிறுத்திவிட்டு ஒரு வாய் காபி குடிக்க வேண்டும். முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது. "மீதி புஸ்தகத்துல இருக்குங்க" என்று சொன்னால் கை தானாகப் பைக்குள் போகும். முடிவுதான் சரக்கு. மற்றதெல்லாம் அதைக் கட்டிக் கொடுக்கிற காகிதம்.

இப்போது ஒட்டாசிலியோவுக்கு வருவோம்.

என் கயிற்றின் ஒரு முனை கட்டியிருக்கும் கம்பம் அவன் கடையுடையது. கரியடுப்பில் பாலாடைக்கட்டியைக் குச்சியில் குத்தி வாட்டி விற்பான். நல்ல மனுஷன். வாரா வாரம் நான் புத்தகக் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே வந்து நிற்பான். முதல் பிரதி அவனுக்குத்தான். காசு கொடுத்தே வாங்குவான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஒரு கையால் கட்டியைத் திருப்பிக்கொண்டே மறு கையில் புத்தகத்தைப் பிடித்து, உதட்டை அசைத்து அசைத்துப் படிப்பான். நான் பாட ஆரம்பிப்பதற்குள் முடித்துவிடுவான்.

பாலம் உடையும். நான் காபியை எடுப்பேன். புகைக்குப் பின்னாலிருந்து அவன் குரல் வரும்.

"கவலைப்படாதீங்கக்கா, அவ சாகமாட்டா. கீழ மீன்காரன் ஒருத்தன் வலையோட நிக்கிறான். அவனைத்தான் கட்டிக்கப் போறா. இந்தாங்க, கட்டி சூடா இருக்கு."

கூட்டம் கொல்லென்று சிரிக்கும்.

நான் முதலில் நயமாகத்தான் சொல்லிப் பார்த்தேன். பண்டிகைக்கு வெல்லம் வாங்கிக் கொடுத்தேன். கம்பத்தை மாற்றிப் பார்த்தேன்; அவனும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டான். ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

"ஏன்யா, என் பொழப்புல ஏன் மண்ணைப் போடறே?"

"நான் என்ன செய்யட்டும் கவிராயரே. முடிவு தெரிஞ்சப்புறம் அதை உள்ளயே வெச்சிருக்க எனக்கு ஆகலை."

"நீ கட்டியை வித்துக்க. நான் முடிவை வித்துக்கறேன்."

"நல்ல முடிவா இருந்தா தெரிஞ்சாலும் வாங்குவாங்க. நான் வாங்கலியா? வீட்டுல போயி மறுபடியும் படிக்கிறேன்ல?"

எழுதாதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். உங்களுக்கும் சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள்.

உண்மையை மறைக்கக் கூடாது: அந்த வருஷங்களில் என் கடையில் கூட்டம் அதிகமானது. பக்கத்து ஊர்களிலிருந்து லாரி பிடித்து வந்தார்கள். அவன் வாயைத் திறப்பதற்கு முன் நான் அவன் மூக்கைப் பற்றி நாலடி பாடுவேன். அவன் என் தொப்பையைப் பற்றி எதுகையே இல்லாமல் ஒன்று சொல்வான். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்கள். புத்தகமும் முன்னைவிட அதிகம் போனது. என் எழுத்து முதிர்ந்துவந்த காலம் அது. ஆனால் வாங்கிய ஒவ்வொருவருக்கும் முடிவு தெரிந்திருந்தது. முடிவு தெரிந்து வாங்கிய புத்தகத்தை விற்ற புத்தகம் என்று என்னால் கணக்கில் சேர்க்க முடியவில்லை. நீங்களும் எழுதுகிறவர், புரிந்துகொள்வீர்கள்.

அவன் ஒரே ஒரு முறையாவது, ஒரே ஒரு முடிவையாவது, தனக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். நான் விரும்பியது அவ்வளவுதான்.

நீங்கள் கடற்கரைப் பக்கம் பிறந்தவர். எங்கள் வறண்ட சீமையில் புதையல் எப்படிக் கிடைக்கும் என்று தெரிந்திருக்காது. பானையைப் புதைத்துவிட்டுச் செத்தவர், உங்கள் கனவில் வந்து இடத்தைச் சொல்வார். சொன்ன பிறகு நீங்கள் யாரிடமும் மூச்சு விடக் கூடாது. கட்டிய பெண்டாட்டியிடம்கூட. தனியாகப் போய் இரவில் தோண்ட வேண்டும். ஒரு வார்த்தை வெளியே வந்தாலும் பானையில் பொன் இருக்காது, கரிதான் இருக்கும். இது கதை இல்லை. கரி எடுத்தவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

வாயை மூடத் தெரியாத ஒருவனுக்கு எங்கள் ஊரிலேயே இப்படி ஒரு பூட்டு தயாராக இருந்தது. நான் சாவியை மட்டும் எழுதினேன்.

கஞ்சக் கைம்பெண் ஒருத்தியின் புதையலைப் பற்றி ஒரு புத்தகம். சந்தைக்குப் போன எல்லாப் பிரதியிலும் ஒரே முடிவு. ஒரு பிரதிக்கு மட்டும் கடைசிப் பக்கத்தைத் தனியாக அச்சுக் கோத்தேன். சொந்த அச்சு இருப்பதில் இது ஒரு சௌகரியம். பெரிய பதிப்பகங்கள் ஒரு வாசகனுக்காக ஒரு பக்கம் அடித்துத் தராது. கைம்பெண் என் கனவில் வந்தாள், நான் கோழை, போக மாட்டேன், இந்தப் பக்கத்தை முதலில் படிப்பவனுக்கே பானை என்று எழுதிவிட்டு, இப்படி முடித்தேன்:

கோணல் உம்பு மரத்தருகே
குடிநீர் வற்றிய கிணறுண்டு;
காணத் தனியே வருவோனே,
கையில் மண்வெட்டி கொண்டு
தூணை ஒட்டிய பலகையிலே
நடுவே நின்றால் பொன்னுண்டு.

என் பாட்டுகளிலேயே இதுதான் சுத்தமானது. ஒரு சொல் கூடுதல் இல்லை.

அந்தக் கைவிட்ட பண்ணைக் கிணற்றை நீங்களே பார்த்தீர்கள். மூன்று வருஷமாக ஒரு சொட்டு மழை காணாதது. மேலே மூடியிருந்த பலகைகள் பழசுதான். ஆனால் போதுமான பழசு இல்லை. வெள்ளிக்கிழமை, அட்டைப் பட மரக்கட்டை அறுக்கிற சின்ன ரம்பத்தால் அடிப்பக்கம் கொஞ்சம் உதவினேன்.

சனிக்கிழமை வழக்கம்போல முதல் ஆளாக வந்தான். மேலே இருந்த பிரதியை எடுத்துக் கொடுத்தேன். படித்தான். கட்டி கருகியது, அவன் திருப்பவில்லை.

நான் பாடினேன். கைம்பெண்ணின் மருமகன் பானைக்குள் கையை விடுகிற இடத்தில் நிறுத்தினேன். காபியை எடுத்தேன். கூட்டம் மொத்தமும், என்னைப் பார்க்காமல், புகைப் பக்கம் திரும்பியது.

"இன்னும் படிக்கலைங்க" என்றான் ஒட்டாசிலியோ.

யாரோ ஒரு அம்மாள், "ஏம்ப்பா, உடம்புக்குச் சரியில்லையா?" என்று கேட்டாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். ஜனங்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கலைந்தார்கள். அன்று விற்பனை சுமார்தான். கதையின் கனம் அப்படி. உடனே பைக்குள் கை விடத் தோன்றவில்லை போலும்.

புதையலை இரவில்தான் தோண்ட வேண்டும் என்பது மரபு. அவனால் முடியுமா? முடிவுக்குக் காத்திருக்கிற பழக்கமே இல்லாதவன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கடையைக் கட்டிவிட்டு மண்வெட்டியோடு போய்விட்டான். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் உங்கள் ஆட்களுக்கு அவனை எங்கே தேடுவது என்று தெரியவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து நான் கிணற்றடிக்குப் போனேன். சந்தைப் பை தோளில் இருந்தது. அவன் செத்திருப்பான் என்றுதான் நினைத்தேன். கால்தான் உடைந்திருந்தது.

"யாரது, கவிராயரா?"

"நான்தான்."

"நல்லவேளை. நான் யாருக்கும் மூச்சு விடலை. பொண்டாட்டி நெயுசாகிட்டகூடச் சொல்லலை. ஆனாலும் பானை இல்லையே, கவிராயரே."

"இருக்காது. அது உனக்குன்னு எழுதின முடிவு."

கீழே அவன் சிரித்தான், டாக்டரம்மா. சத்தமாகச் சிரித்தான்.

"எனக்கே எனக்கா? ஒத்தைப் பிரதியா?"

"ஆமா."

"அப்ப ஜனங்க புஸ்தகத்துல எப்படி முடியுது?"

நியாயமான கேள்வி. கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து முதல் அடியிலிருந்து பாடினேன். வறண்ட கிணற்றில் குரல் எவ்வளவு அழகாக எழுகிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். மருமகன் பானைக்குள் கையை விடுகிற இடத்தில் நிறுத்தினேன்.

"மீதி?" என்றான்.

"மீதி புஸ்தகத்துல இருக்கு."

"சரி. உங்க பையில கயிறு இருக்குமே, அதைக் கீழ விடுங்க. மேல வந்து காசு குடுத்தே வாங்கிக்கிறேன்."

கயிறு இருந்தது. ஓர் ஆளைத் தாங்கும் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். ஆனால் அது புத்தகத்துக்கான கயிறு.

மறுநாளும் போனேன். கயிற்றைப் பற்றி அவன் பேசவில்லை. முடிவை மட்டும் கேட்டான். அதற்கடுத்த நாள் அதுவும் கேட்கவில்லை.

இடையன் ஒருவன் ஆடு தேடிப் போய்க் கண்டுபிடித்தான். நீங்கள் வந்தீர்கள், உடைந்த பலகையைப் பார்த்தீர்கள், விபத்து என்று எழுதிக் கோப்பை மூடினீர்கள். அவன் சட்டைப்பையில் இருந்த பிரதியை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இன்று நானாக உங்கள் வாசற்படி ஏறியதற்குக் காரணம் அதுதான். மனசாட்சி உறுத்தியது என்றெல்லாம் எழுத்தர் சேர்க்க வேண்டாம். என் ஆகச் சிறந்த முடிவு, பலகை உளுத்ததால் தானாக நடந்தது என்று ஊர் பேசுகிறது. எழுதியவன் பெயர் இல்லாமல் ஒரு படைப்பு உலவுவதை எந்த எழுத்தாளன் பொறுப்பான்? உங்கள் நாவலின் அட்டையிலும் பெயரைப் பெரிதாகவே போடுங்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். துக்கத்துக்குப் போயிருந்தபோது அவன் வீட்டுச் சுவரில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அதில் என் புத்தகங்கள், முதல் புத்தகத்திலிருந்து, கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கின. ஒன்றுகூடக் கசங்கவில்லை. நெயுசா என்னிடம், "அவர் பள்ளிக்கூடம் போனதில்லைங்க. உங்க புஸ்தகத்தை வெச்சுத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கவே கத்துக்கிட்டாரு. வேற யார் எழுதினதையும் தொடமாட்டாரு" என்றாள். பொறாமை ஒரு மனிதனை எந்த அளவுக்குக் கொண்டுபோகும் பாருங்கள்.

ஆக, பலகையை அறுத்தது நான், அனுப்பியது நான், கயிற்றை விடாததும் நான். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

இப்போதெல்லாம் சந்தையில் நான் நிறுத்துகிற இடத்தில் ஒருவரும் குறுக்கே பேசுவதில்லை. ஊசி விழுந்தால் கேட்கும். இத்தனை வருஷமாக நான் ஏங்கிய அமைதி அது. நின்று கேட்கிறவர்கள்தான் குறைவு. போன சனிக்கிழமை பல்பொடி விற்கிறவனும் ஒரு நாயும் இருந்தார்கள், அவனும் பாதியில் போய்விட்டான். அதற்கும் என் எழுத்துக்கும் சம்பந்தமில்லை. இந்த வருஷம் மழை அதிகம், டாக்டரம்மா. அதனால்தான் ஜனங்கள் வருவதில்லை.